அவுரி எது? பாளையங்கோட்டை வீடொன்றில் தாவரத் தலைச்சாயம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உரியவர் என் அக்கா. வயது 53. பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார். முப்பத்தைந்து வயதிலேயே முன்நெற்றியில் நரை கண்டவர். நாற்பதிலிருந்து மாதம் ஒருமுறை கடையில் கிடைக்கும் கறுப்புச் சாயத்தைத் தானே குழைத்துத் தானே பூசி வந்தவர். பேச்சுவழக்கில் சொன்னால், பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ‘டை அடித்தவர்’. அத்தனை காலமும் அவருக்கு எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. பழகிப்போன ஒரு பொருள் திடீரென்று ஒருநாள் உடம்புக்கு ஆகாமல் போகும் என்பதை அவரும் நம்பவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

உறவினர் வீட்டு வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னதாக அடித்த டை, மறுநாள் மாலை நெற்றிக்கோட்டில் அரிப்பாகத் தொடங்கியது. விழாவன்று காலையில் இரு கண்ணிமைகளும் திறக்க முடியாத அளவுக்கு வீங்கி, காதுமடலின் பின்புறம் நீர் கசிந்தது. தோல் மருத்துவர் வீக்கத்தை வடிய வைத்துச் சில வாரங்கள் காத்திருந்த பிறகு, முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்தார். பாரா-ஃபினைலீன்டயமின் என்ற பொருளை வாசலினில் நூற்றுக்கு ஒரு பங்கு கலந்து, சிறு வில்லைகளில் வைத்து ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பதும், 96 மணி நேரத்தில் மீண்டும் பார்ப்பதும் அந்தப் பரிசோதனையின் முறை. அக்காவின் முதுகில் அந்த ஒரு வில்லை இருந்த இடம் மட்டும் சிவந்து தடித்துச் சிறு கொப்புளங்களோடு நின்றது.

பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தப் பொருள்தான் பெரும்பாலான கறுப்புத் தலைச்சாயங்களின் உயிர்நாடி. ஐரோப்பிய ஒன்றியம் தலைமுடிச் சாயத்தில் இதற்கு உச்ச அளவாக 2 சதவீதத்தை வைத்திருக்கிறது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2006ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்ததும் இதைத்தான். ஒருமுறை உடம்பு இதை எதிரியாக அடையாளம் கண்டுவிட்டால், பெரும்பாலும் அந்த நினைவு வாழ்நாள் முழுக்க நீடிக்கும். மருத்துவர் சீட்டின் கீழே, “கறுப்பு டை கூடாது, பிளாக் ஹென்னாவும் கூடாது” என்று எழுதி, ‘பிளாக் ஹென்னா’வின் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். மருதாணி என்ற பெயரில் இதே பி.பி.டி.யைக் கலந்து விற்கும் கறுப்புப் பொடிதான் அது.

அந்த இரண்டு கோடு எவ்வளவு தேவையானது என்பது அடுத்த வாரமே தெரிந்தது. விஷயம் கேள்விப்பட்ட சித்தி ஒருவர், “இது முழுக்க மூலிகை, ஒண்ணும் பண்ணாது” என்று ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். முன்பக்கத்தில் மருதாணி, நெல்லி, கரிசலாங்கண்ணி ஆகியவற்றின் படங்கள். பின்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில், உட்பொருள் பட்டியலின் நடுவே அதே பாரா-ஃபினைலீன்டயமின். ‘20 நிமிடத்தில் இயற்கைக் கறுப்பு’ என்ற வாசகமே எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். இருபது நிமிடத்தில், ஒரே பூச்சில், நரையைக் கறுப்பாக்கும் இலைப்பொடி எதுவும் இல்லை.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவள். வார இறுதிகளில் ஊருக்குப் போய்வரும்போது, டையை விட்டு இலைப்பொடிகளால் நரையை மறைக்க அக்கா செய்த முயற்சிகளை ஒரு நோட்டில் தேதி, எடை, நேரம், தண்ணீரின் சூடு, விளைவு என்று குறித்துவைத்தேன். கீழே வருவது அந்த நோட்டிலிருந்து எழுதியது. ஒரே ஒரு தலையை வைத்து எழுதியது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதல் முயற்சி: கார்த்திகை

வீட்டுப் பின்புறத்தில் அம்மா காலத்து மருதாணிச் செடி ஒன்று இருக்கிறது. ஆகவே முதல் முயற்சி அதில்தான் தொடங்கியது. இலையைப் பறித்து அம்மியில் அரைத்து, ஒரு கைப்பிடி தலையில் அப்பிக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் அலசிவிட்டார். விளைவு: முன்நெற்றி நரையில் மங்கலான மஞ்சள் கலந்த ஆரஞ்சு, பின்தலையில் எதுவுமே இல்லை, கூந்தல் முழுக்க அரைபடாத இலைத் துணுக்குகள். இரண்டு நாள் சீப்பில் இலைத்தூள் வந்துகொண்டே இருந்தது.

மூன்று தவறுகள் அதில் சேர்ந்திருந்தன. முதலாவது எண்ணெய். நம் வீடுகளில் தலை என்றால் எண்ணெய் வைத்த தலைதான். தேங்காய் எண்ணெய் படிந்த முடியில் எந்த இலைச்சாயமும் உள்ளே இறங்க வழியில்லை. முந்தைய நாளோ அன்று காலையோ சீயக்காயோ ஷாம்புவோ போட்டு எண்ணெய்ப்பசை முழுக்கப் போன பிறகுதான் பூச வேண்டும். இரண்டாவது, விழுதின் பதம். கையில் வைத்துக்கொள்ளப் பச்சை இலை விழுது போதும், ஏனென்றால் உள்ளங்கைத் தோல் தடிமனானது, இரவு முழுக்க வைத்திருக்கவும் முடியும். தலைமுடியில் ஒவ்வொரு இழையையும் சுற்றிப் படியும் அளவுக்கு விழுது நைசாக இருக்க வேண்டும்; அதற்குக் காயவைத்து இடித்து மெல்லிய துணியில் சலித்த பொடியே பொருத்தம். ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துச் சோஜத் பகுதி மருதாணிக்குப் பெயர் பெற்றிருப்பதற்கு இலையின் தரத்தோடு இந்தச் சலிப்பும் காரணம். சோஜத் மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மூன்றாவது தவறு நேரமும் சூடும். மருதாணி இலையில் இருக்கும் நிறப்பொருள் லாசோன். இலையில் அது பெரும்பாலும் சர்க்கரையோடு பிணைந்த முன்பொருளாக இருக்கிறது. இலை நொறுங்கி, ஈரம் பட்டு, சற்றுப் புளிப்பான சூழலில் ஊறும்போதுதான் மெல்ல விடுபடுகிறது. விடுபட்ட லாசோன் முடியின் கெரட்டின் புரதத்தோடு நேரடியாகப் பிணைந்துகொள்வதால்தான் மருதாணி நிறம் குளித்தால் போவதில்லை. விடுபடுவதற்கு முன்பே பூசினால் தலையில் இருப்பது வெறும் பச்சை மண். கார்த்திகை மாத மழைக்குளிரில் அரைத்த உடனே பூசிய விழுதில் லாசோன் விடுபட நேரமே கிடைக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் அக்காவால் முடியவில்லை, தும்மல் தொடங்கிவிட்டது. “நீர் கோத்துக்கிச்சு” என்று அம்மா அன்று இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஈரத்தலையோடு குளிரில் உட்கார்ந்தால் சைனஸ் உள்ளவர்களுக்குச் சிரமம் என்பது உண்மைதான். அதன் பிறகு வெயில் ஏறிய பத்து மணிக்கு முன்பாக நாங்கள் ஆரம்பித்ததே இல்லை.

மருதாணி பற்றி இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடலாம். அது முடியை வெளுக்கச் செய்வதில்லை; இருக்கிற நிறத்தின் மேல் ஒரு செம்மையை ஏற்றுகிறது, அவ்வளவுதான். கறுப்பு முடியில் அது வெயிலில் மட்டும் தெரியும். வெள்ளை முடியில் அது பளிச்சென்ற ஆரஞ்சு. ஆகவே பாதி நரைத்த தலையில் மருதாணி மட்டும் போட்டால் கிடைப்பது செம்பட்டை. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் என்ன பேசுவார்கள் என்ற கவலை அக்காவுக்கு.

இரண்டாம் முயற்சி: தை

செம்பட்டையைக் கறுப்பாக்க, நீலச்சாயம் தரும் அவுரி இலை தேவை. ஆரஞ்சின் மேல் நீலம் ஏறினால் கண்ணுக்குக் கறுப்பை ஒட்டிய அடர்பழுப்பாகத் தெரியும் என்பதே இந்த இரட்டைப் பூச்சின் அடிப்படை. வெள்ளை முடியில் அவுரி மட்டும் போட்டால் நீலமும் பச்சையும் கலந்த சாம்பல் நிறம் வரும். ஆகவே மருதாணி முதலில், அவுரி அடுத்து.

இந்தமுறை மருதாணி சரியாக அமைந்தது. சலித்த பொடி, எண்ணெய் இல்லாத தலை, மூன்று மணி நேரம். அலசியதும் முன்நெற்றி நல்ல தாமிரச் செம்மையாக இருந்தது. அடுத்து, நாட்டு மருந்துக் கடையில் “அவுரிப் பொடி” என்று கேட்டு வாங்கிவந்ததை வெதுவெதுப்பான நீரில் குழைத்துப் பூசி, இரண்டு மணி நேரம் வைத்திருந்து அலசினார். ஒன்றும் நடக்கவில்லை. தாமிரம் தாமிரமாகவே இருந்தது. மறுநாளும் அப்படியே, அதற்கு அடுத்த நாளும் அப்படியே. திங்கட்கிழமை பள்ளிக்கு அக்கா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு போனதாக எனக்குத் தொலைபேசியில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.

நீரின் சூடா, நேரமா, உப்பு சேர்க்காததா என்று ஒரு வாரம் யோசித்தேன். அடுத்த சனிக்கிழமை மிச்சமிருந்த பொடியை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் குழைத்து, ஜன்னலோரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒரு மணி நேரம். மஞ்சள் கலந்த பச்சை, மஞ்சள் கலந்த பச்சையாகவே காய்ந்தது. நீலத்தின் சாயலே இல்லை. பொட்டலத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் அடியில் சிறிய எழுத்தில் தாவரவியல் பெயர் தெரிந்தது: காசியா அங்குஸ்டிஃபோலியா.

அது சென்னா. மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் நிலாவரை. அக்கா இரண்டு மணி நேரம் தலையில் வைத்திருந்தது பேதி மருந்து.

கடைக்காரரிடம் சண்டை போடத்தான் போனோம். போன இடத்தில் தவறு எங்களுடையது என்று புரிந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசல் காட்டில் ‘அவுரி’ என்றால் விவசாயிக்கும் வியாபாரிக்கும் சென்னாதான். மானாவாரியாகப் பயிராகி, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு அது. உலகச் சந்தையில் அதன் பழைய வணிகப் பெயரே ‘தின்னவேலி சென்னா’. சித்த மருத்துவத்திலோ அவுரி என்றால் நீலி, அதாவது இண்டிகோஃபெரா டிங்டோரியா, நீலச்சாயம் தரும் செடி. இரண்டு செடிகள், ஒரே பெயர். “நீங்க கேட்டதைத்தான் குடுத்தேன், டீச்சரம்மா. நீலச்சாயத்து இலைன்னா நீலின்னுல்லா கேக்கணும்” என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் குற்றம் காண எங்களிடம் எதுவும் இல்லை.

அவரே இரண்டின் முழு இலையையும் எடுத்துவந்து மேசையில் கொட்டிக் காட்டினார். சென்னாவின் சிற்றிலைகள் ஈட்டி முனை போல நீண்டு கூர்மையாக, மஞ்சளோடிய பச்சையில் இருந்தன. கூடவே கிடந்த காய்கள் தட்டையாக, அகலமாக, காகிதம் போல மெல்லியவை. நீலியின் சிற்றிலைகள் சிறியவை, முட்டை வடிவம், நுனி மழுங்கியவை. காய்ந்ததும் பச்சையில் ஒரு நீலக்கறுப்பு படர்ந்துவிடுகிறது. காய்கள் உருண்டு மெலிந்த குச்சிகளாக இருந்தன. முழு இலையாகப் பார்த்தால் ஒரு குழந்தைகூடப் பிரித்துவிடும். பொடியாகிவிட்டால் இரண்டும் பச்சைப் பொடி. நான் பொடியாக வாங்கியதே தவறு என்று அப்போது நினைத்தேன். ஆனால் வீட்டு மிக்சியில் நீலி இலையை முடிக்குத் தேவையான அளவுக்கு நைசாக அரைக்க முடியவில்லை என்பதைப் பிறகு கண்டோம். ஆகவே பொடியைத்தான் வாங்க வேண்டும், ஆனால் தட்டில் குழைத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

கடைக்காரர் அன்று இன்னொரு பொருளையும் எடுத்து நீட்டினார்: நீலக்கட்டி. திண்டிவனம் பக்கத்து வயல்களில் இன்றும் அவுரி பயிராகிறது. இலையைத் தொட்டியில் ஊறவைத்து, கலக்கி, அடியில் படியும் நீலத்தைக் காயவைத்துக் கட்டியாக்கித் துணிச்சாயத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கட்டி நூலுக்கு அருமையான சாயம், தலைக்கு உதவாது. கட்டியில் இருப்பது ஏற்கெனவே உருவாகிவிட்ட நீலம். அது தண்ணீரில் கரையாது. நெசவாளர்கள் அதைச் சாயத்தொட்டியில் காரச்சூழலில் நொதிக்கவைத்து மீண்டும் கரையும் வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே நூலை முக்குகிறார்கள். தலைமுடிக்குத் தேவை இன்னும் நீலமாகாத இலை. இலையில் இண்டிகன் என்ற நிறமற்ற பொருள் இருக்கிறது. ஈரம் பட்டதும் இலையிலேயே உள்ள நொதி அதை உடைத்து இண்டாக்சிலாக்குகிறது. அந்த இண்டாக்சில் முடிக்குள் நுழைந்து, அங்கே காற்றுப்பட்டு நீலமாக மாறி, கரையாத துகளாகி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. இந்த ஓட்டம் சில நிமிடங்களில் தொடங்கிவிடும். மருதாணியை மணிக்கணக்கில் ஊறவைப்பது போல அவுரியை ஊறவைத்தால் நீலம் கிண்ணத்திலேயே பிறந்து கிண்ணத்திலேயே முடிந்துவிடும். கொதிநீர் ஊற்றினாலோ அந்த நொதியே செத்துவிடும். மருதாணிக்குப் பொறுமை, அவுரிக்கு அவசரம்: இந்த இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலந்து இரவு முழுக்க ஊறவைக்கச் சொல்லும் செய்முறைகள் ஏன் சொதப்புகின்றன என்பது இதிலிருந்தே விளங்கும்.

கடைசியாக வாங்கிய நீலிப் பொடியைத் தட்டில் குழைத்தபோது, ஐந்தாவது நிமிடத்தில் விழுதின் ஓரம் கரும்பச்சையானது. பத்தாவது நிமிடத்தில் மேற்பரப்பில் மயில்கழுத்து நிறத்தில் ஓர் ஏடு படர்ந்தது, அதில் சாய்வாக வெளிச்சம் விழுந்தபோது செம்பு மின்னியது. ஒரு சொட்டைக் கைக்குட்டையில் தொட்டுவைத்தேன். பச்சையாக விழுந்த சொட்டு என் கண்ணெதிரே ஓரத்திலிருந்து உள்நோக்கி நீலமானது. முப்பது ஆண்டுகளாக ஆக்சிஜனேற்றத்தைக் கரும்பலகையில் எழுதிக்காட்டியவள், அந்தக் கைக்குட்டையை வகுப்புக்கு எடுத்துப்போனேன்.

இடையில் இரும்புக் கடாய்

மூன்றாம் முயற்சிக்கு முன் அக்கா ஒரு நிபந்தனை வைத்தார்: மருதாணியை அம்மாவின் இரும்புக் கடாயில்தான் ஊறவைக்க வேண்டும். இரும்பில் ஊறினால் கறுக்கும் என்பது ஊர் அறிந்த செய்தி. அதைச் சோதிக்க, சீப்பில் உதிர்ந்த நரைமுடிகளைச் சில வாரங்கள் சேர்த்து, சிறு கொத்துகளாக வெவ்வேறு நிற நூலால் கட்டினேன். ஒரே பொடி, ஒரே நேரம். சிவப்பு நூல் கட்டிய கொத்து எவர்சில்வர் கிண்ணத்து விழுதில், பச்சை நூல் கட்டியது இரும்புக் கடாயில் நெல்லிப் பொடியோடு ஊறிய விழுதில். கடாய் விழுது மை போலக் கறுத்திருந்தது. அலசிய பிறகு பச்சை நூல் கொத்து, சிவப்பு நூல் கொத்தைவிட ஒரு படி அடர்ந்த பழுப்பு. அதற்கு மேல் இல்லை. நெல்லி, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு உண்டாகும் என்பது பழைய எழுதுமை செய்த முறையேதான். ஆனால் விழுது கறுப்பாவதும் முடி கறுப்பாவதும் ஒன்றல்ல. அந்தக் கறுப்பின் பெரும்பகுதி அலசும் நீரோடு போய்விடுகிறது. அம்மாவின் மனத்துக்காகக் கடாயைத் தொடர்ந்தோம். கெடுதல் எதுவுமில்லை, கழுவத்தான் கை வலிக்கும்.

அக்கா இடையிடையே கண்ட மற்றவற்றை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். நெல்லிப் பொடியை இரும்புச் சட்டியில் கரிய வறுத்து எண்ணெயில் குழைத்துப் பூசுவது முடியில் கரி தடவுவதுதான். தலையணை உறை கறுத்தது, தலை கறுக்கவில்லை. பீட்ரூட் சாற்றின் நிறம் ஒரு குளியலில் போனது. தேயிலை டிகாஷன் மிக மெல்லிய பழுப்பைத் தந்து, இரண்டு குளியலில் மறைந்தது. கரிசலாங்கண்ணிச் சாறு காற்றுப்பட்டுக் கறுப்பது உண்மை, அந்தக் காலத்தில் பச்சை குத்த அதைப் பயன்படுத்தியதும் உண்மை. ஆனால் எண்ணெயாகக் காய்ச்சிய கரிசலாங்கண்ணி நரையின் நிறத்தை மாற்றியதாக எங்கள் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. நீலியும் கரிசலாங்கண்ணியும் சேரும் நீலிபிருங்காதி எண்ணெயைத் தலைச்சாயம் என்று எண்ணி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்; அது தேய்த்துக் குளிக்கும் தைலம், சாயம் ஏற்றுவது அதன் வேலையல்ல.

மூன்றாம் முயற்சி: பங்குனி

பொடிகள் இரண்டையும் முதலில் அக்காவின் முழங்கையின் உள்மடிப்பில் தனித்தனியே சிறிது பூசி, காய்ந்ததும் கழுவி, 48 மணி நேரம் காத்திருந்தோம். சுத்தமான மருதாணியிலோ நீலியிலோ பி.பி.டி. இல்லை. ஆனால் சந்தையில் நீலிப் பொடி என்று விற்பதில் அதைக் கலப்பவர்கள் உண்டு. கலந்திருந்தால் தலை முழுவதும் வீங்குவதைவிட முழங்கையில் ஒரு ரூபாய் அகலம் சிவப்பது மேல். இந்தச் சோதனையைப் புதிய பொட்டலம் ஒவ்வொன்றுக்கும் மறுபடி செய்ய வேண்டும் என்று மருத்துவரும் வலியுறுத்தினார்; அடுத்த பொட்டலம் அதே கடை, அதே பெயர் என்பதற்காக விட்டுவிடக் கூடாது. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்: ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு மருதாணியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும் என்பதால், அந்தக் குறைபாடு உள்ள குடும்பங்களில் மருதாணியைத் தொடாமலிருப்பதே முறை.

சனிக்கிழமை மாலை ஷாம்பு போட்டு எண்ணெயை நீக்கினார். ஞாயிறு காலை ஆறு மணிக்கு, 100 கிராம் மருதாணிப் பொடியோடு இரண்டு மேசைக்கரண்டி நெல்லிப் பொடி சேர்த்து, வெதுவெதுப்பான நீரில் இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் குழைத்து மூடிவைத்தோம். பங்குனி வெயிலில் நான்கு மணி நேரமே போதுமானதாக இருந்தது. கார்த்திகையில் இதற்கே ஓர் இரவு தேவைப்பட்டிருக்கும். விழுது தயாரா என்று பார்க்க, உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தேன். தெளிவான ஆரஞ்சு வட்டம் நின்றது. பத்தரை மணிக்குப் பூச ஆரம்பித்தோம்.

பூசும் வேலையை அக்கா தனியாகச் செய்தால் பின்தலை எப்போதும் விட்டுப்போகும். இந்தமுறை நான் சீப்பின் வாலால் வகிடு வகிடாகப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை பூசினேன். முன்நெற்றி, காதோரம், உச்சி வகிடு மூன்றிலும் இரண்டு அடுக்கு. நெற்றிக்கோட்டில் கொஞ்சம் வாசலின் தடவியதால் தோலில் கறை படியவில்லை. மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. பகல் ஒன்றரை மணிவரை வைத்திருந்து, வெறும் நீரில் அலசினோம். ஷாம்பு கிடையாது.

தலை ஈரமாக இருக்கும்போதே அவுரி. 100 கிராம் நீலிப் பொடி, அரைத் தேக்கரண்டி உப்பு, வெதுவெதுப்பான நீர். எலுமிச்சை சேர்க்கவில்லை, புளிப்பு மருதாணிக்கு உதவும், அவுரிக்கு ஆகாது. பத்து நிமிடம் ஊறியதும், ஏடு படர ஆரம்பித்த கணத்தில் பூசத் தொடங்கினோம். பாதி தலையைப் பூசி முடிப்பதற்குள் கிண்ணத்தின் மிச்சம் கறுக்கத் தொடங்கிவிட்டது. அடுத்தமுறையிலிருந்து அவுரிப் பொடியை இரண்டு பங்காகப் பிரித்து, முதல் பங்கைப் பூசி முடித்த பிறகே இரண்டாம் பங்கைக் குழைத்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்து, நீர் தெளிவாக வரும்வரை அலசினோம். குளியலறைத் தரையில் ஓடிய நீர் முதலில் பச்சை, பிறகு நீலம், பிறகு சாம்பல். வெள்ளைத் துண்டு ஒன்று பலியானது.

அன்று மாலை கண்ணாடியைப் பார்த்த அக்காவின் முகம் வாடியது. காதோர முடி பச்சை கலந்த கறுப்பாக இருந்தது. “இதுக்கு அந்தச் செம்பட்டையே தேவலைடீ” என்றார். முடிக்குள் நீலம் முழுமையாக உருவாக ஒன்றிரண்டு நாள் ஆகும், அதுவரை ஷாம்புவைத் தொடக் கூடாது என்று சொல்லி மதுரைக்குக் கிளம்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில், பள்ளிக்குக் கிளம்பும் முன் எடுத்த படத்தை அனுப்பியிருந்தார். பச்சை போய்விட்டது. அடர்ந்த காப்பிக்கொட்டை நிறம். வெயிலில் மட்டும் ஓரங்களில் ஒரு செம்மை. தோலில் அரிப்போ தடிப்போ இல்லை. மருத்துவரிடம் நேரில் காட்டியதில் அவரும் தொடரலாம் என்றார்.

பின்தொடர்ந்த எட்டு மாதங்கள்

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், மூன்றாம் வாரத்திலேயே உச்சி வகிட்டில் வெள்ளைக்கோடு தெரியத் தொடங்கியது. ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வேருக்கு மட்டும் மருதாணியும் அவுரியும் பூசுவது என்று வழக்கமானது. நுனிவரை ஒவ்வொரு முறையும் மருதாணி பூசத் தேவையில்லை. மருதாணி நிறம் முடியோடு கூடவே இருக்கிறது, அடுக்கு ஏற ஏறக் கருஞ்சிவப்பாகிறது. இறங்குவது அவுரிதான். வாரம் இருமுறை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்த ஆடி மாதத்தில், மூன்றாம் வாரமே காதோரம் செம்பு தெரிய ஆரம்பித்தது. அப்போது மட்டும் நுனிவரை அவுரியைத் தனியாக ஒரு மணி நேரம் பூசினோம்.

ஐந்தாம் மாதத்தில் வாங்கிய பொட்டலம் தட்டுச் சோதனையில் தோற்றது. நீரில் குழைத்த உடனே, ஏடு படரக் காத்திருக்காமல், கருப்பு மையாக மாறியது. ஐந்து நிமிடம்கூடப் பொறுக்காமல் கறுக்கும் பொடியில் இலை அல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, முழங்கைச் சோதனைக்குக்கூடப் போகாமல் திருப்பிக் கொடுத்தோம். கடைக்காரர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். அவர் கடையில் இப்போது அவுரி என்று யார் வந்து கேட்டாலும், “வயித்துக்கா, தலைக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறக்கிறாராம்.

ஏழாம் மாதத்தில், ஒரு கல்யாணத்துக்காக முடியை நேராக்கிக்கொள்ளலாம் என்று அழகுநிலையத்துக்குப் போன அக்கா, அங்கே இருந்து எனக்கு அழைத்தார். இலைச்சாயம் போட்ட தலை என்று முதலிலேயே சொல்லச் சொன்னேன். சுத்தமான இலையென்றால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் மருதாணி என்ற பெயரில் உலோக உப்புகள் கலந்த பொடியைப் போட்டிருந்தால், வெளுக்கும் மருந்து பட்டதும் முடி சூடேறிப் பொசுங்கிவிடும். சுத்தமான அவுரி மீதே வெளுக்கும் மருந்து போட்டால் பச்சை நிறம் வெளிப்படும். அங்கிருந்த பெண் ஒரு சிறு கற்றையில் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். கற்றை சற்று வறண்டது, நிறம் மாறவில்லை. கடைசியில் அக்கா நேராக்காமலே பின்னல் போட்டுப் பூ வைத்துக்கொண்டு போனார்.

இடது காதுக்கு மேல் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பிடிவாதமான நரை இருக்கிறது. முடி தடித்து வழவழப்பாக இருப்பதாலோ என்னவோ, மற்ற இடத்தில் பிடிக்கும் அவுரி அங்கே பாதிகூடப் பிடிப்பதில்லை. இரண்டு அடுக்கு, கூடுதல் அரைமணி நேரம், மேலே சூடான துண்டு என்று எல்லாம் செய்தும் பத்தாம் நாள் அங்கே செம்பு எட்டிப் பார்த்துவிடுகிறது. நோட்டின் கடைசிப் பதிவு அதைப் பற்றியதுதான். கார்த்திகை இரண்டாம் ஞாயிறு, மழை, வேர்ப்பூச்சு மட்டும், மருதாணி ஓர் இரவு ஊறியது, அவுரி இரண்டு பங்காக. அந்த நாலு விரலுக்கு மூன்றாம் அடுக்கு பூசக் கையை எடுத்தபோது, “போதும், அது கிடக்கட்டும்” என்று அக்கா பிளாஸ்டிக் உறையைத் தானே இழுத்து மாட்டிக்கொண்டார்.